மாற்றியமைத்த மோட்டார் காரும் காப்புறுதியும்

தமிழகத்தில் காப்பீடு என வழங்கும் ஒன்றை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் காப்புறுதி என்பர். காப்பு, உறுதி என இரு சொற்கள் இதில் இணைந்து நிற்கின்றன. காப்பு அளிப்பது பணம் பெற்றுக்கொள்ளும் நிறுவனம். உறுதியும் அந்நிறுவனம் அளிப்பதே எனப் பலரும் எண்ணுவர். சட்டமோ அவ்வாறு கருதுவதில்லை. காப்பைத் தருபவர் ஒருவரே ஆயினும், உறுதியை இருவருமே தந்தாக வேண்டும். இழப்பு நேரின் ஈடு செய்வேன் என்பது நிறுவனத்தின் உறுதி. என் பொருளைப் பற்றி நான் கூறியவை மெய் என்பது காப்புறுதி செய்துகொண்டவரின் உறுதி. இவ்விரண்டில் ஒன்று தளர்ந்தாலும் மற்றது நிலைப்பது அரிது.

இவ்வுண்மை எளிதில் மறக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அது மாற்றியமைத்த மோட்டார் கார். ஆலையிலிருந்து வந்தவாறே காரை வைத்திருக்க விரும்பாதவர் பலர். அகன்ற சக்கரம், தாழ்ந்த சுருள்வில், பெரிய புகைப்போக்கி, கூடுதல் விசை தரும் டர்போ என ஒவ்வொன்றாகச் சேர்ப்பர். சேர்க்கும்போது பட்டறைக்காரரிடம் நாட்கணக்காகப் பேசுவர். காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு சொல்லும் சொல்லார். மோதல் நேர்ந்த பின்னரே, காரும் பத்திரமும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை என்பது வெளிப்படும். பல ஆண்டுச் சேமிப்பு ஒரு நாளில் கரையும் இடம் அது.

பென்கூலன் கோட்டை வழக்கு

காப்புறுதி செய்பவர் உண்மையைக் கூற வேண்டும் என்னும் நெறி எங்கிருந்து வந்தது? அதன் வேர் மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே பென்கூலன் என்னும் ஊரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டை இருந்தது. அதன் ஆளுநராக இருந்த கார்ட்டர் என்பவர், ஐரோப்பியப் பகைவர் கோட்டையைக் கைப்பற்றினால் தமக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யுமாறு, லண்டனில் ஓராண்டுக்குக் காப்புறுதி செய்துகொண்டார். அவ்வாண்டு 1759ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. 1760இல் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையைப் பிடித்தது. காப்புறுதி அளித்த சார்ல்ஸ் போம் என்பவர் பணம் தர மறுத்தார். கோட்டையின் வலுவின்மையையும் பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்னும் ஐயத்தையும் ஆளுநர் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு இவ்வழக்கில் வகுத்த நெறியே இன்றுவரை காப்புறுதிச் சட்டத்தின் அடித்தளமாக நிற்கிறது. ஆபத்தைக் கணிப்பதற்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் காப்புறுதி செய்பவருக்கே தெரியும். அளிப்பவர் அவர் சொல்லை நம்பியே விலை கூறுகிறார். ஆகவே மறைத்தல் கூடாது என்றார். ஆனால் தீர்ப்பு ஆளுநர் பக்கமே ஆயிற்று. கோட்டையின் நிலையையும் போர்ச் சூழலையும் லண்டனில் இருந்தவரும் அறிந்திருக்கலாம், கேட்டும் அறிந்திருக்கலாம்; கேளாது பணத்தைப் பெற்றுக்கொண்டு பின்னர்க் குறை கூறுவது தகாது என்பது அதன் சாரம். எனவே இந்நெறிக்கு இரு முனைகள் உள. ஒரு முனை மறைப்பவரைத் தடுப்பது. மறுமுனை, கேட்கவேண்டியதைக் கேளாமல் விட்ட நிறுவனத்தைத் தடுப்பது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆங்கிலேயர் டச்சுக்காரருக்குப் பென்கூலனைக் கொடுத்து மலாக்காவைப் பெற்றனர். சிங்கப்பூரில் பென்கூலன் தெரு என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

மாற்றம் எனப்படுவது யாது?

ஆலையில் அமைத்து விற்கப்பட்ட நிலையினின்றும் வேறுபட்ட எதுவும் மாற்றமே. அவற்றை நான்கு வகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது தோற்றத்திற்கானது: நிறம் மாற்றுதல், மேனியில் ஒட்டும் தாள், வால்சிறகு முதலியன. இரண்டாவது விசைக்கானது: எஞ்சினையே மாற்றுதல், டர்போ பூட்டுதல், எஞ்சினை இயக்கும் மின்னணுக் கட்டளைகளைத் திருத்துதல் ஆகியன. மூன்றாவது ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் மாற்றுவது: சக்கரம், சுருள்வில், அதிர்வுதாங்கி, பிரேக் போல்வன. நான்காவது தேவைக்கானது: எரிவாயுக் கலம், உடல் ஊனமுற்றோர் கையாலேயே இயக்குவதற்கான அமைப்பு, இழுவைக் கொக்கி முதலியன.

காப்புறுதி நிறுவனம் இவற்றை மூன்று வினாக்களால் அளக்கிறது. இம்மாற்றத்தால் விபத்து நேரும் வாய்ப்பு மிகுமா? விபத்து நேர்ந்தால் பழுதுபார்க்கும் செலவு மிகுமா? திருடர் கண்ணில் படும் வாய்ப்பு மிகுமா? விலையுயர்ந்த சக்கரம் காரின் வேகத்தைக் கூட்டாது. ஆயினும் இரண்டாம் மூன்றாம் வினாக்களுக்கு அதன் விடை ‘ஆம்’ என்பதே. அழகுக்காக மட்டும் செய்தது, இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணுவது இதனால்தான் பிழையாகிறது.

சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மாற்றமும் காப்புறுதி ஏற்ற மாற்றமும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையமும் எவை அனுமதியின்றிச் செய்யத்தக்கன, எவை அனுமதி பெற்றே செய்யத்தக்கன, எவை செய்யவே கூடாதன என வரையறுத்துள்ளன. எஞ்சினை மாற்றினால் பரிசோதனையும் பதிவுத் திருத்தமும் வேண்டும். மேனி நிறத்தை மாற்றினாலும் பதிவில் குறிப்பிக்க வேண்டும். இலாகாவின் அனுமதியைக் காட்டி, நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருந்துவிட முடியாது; நிறுவனத்தின் ஒப்புதலைக் காட்டி, இலாகாவின் விதியைக் கடக்கவும் முடியாது. இரு வாயில்களையும் கடந்தே ஆகவேண்டும்.

இன்றைய சட்டத்தின் நிலை

மலேசியாவில் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, 2015 ஜனவரி முதல் நாளிலிருந்து, பழைய நெறியைச் சாதாரண மக்களுக்கு ஏற்றவாறு திருத்தியது. வாணிபத்துக்கு அன்றிச் சொந்தத் தேவைக்குக் காப்புறுதி செய்பவர், தம்மிடம் கேட்கப்படும் வினாக்களுக்குத் தக்க கவனத்துடன் மெய்யான விடை கூறவேண்டும். நிறுவனம் குறிப்பான வினாக்களைக் கேட்கவேண்டும். புதுப்பிக்கும்போது புதிய வினா எழுப்பலாம். அல்லது முன் கூறியவற்றின் படியைக் கொடுத்து, அவை மாறியுள்ளனவா என்று கேட்கலாம். கேளாமலே விட்டால், அந்த அளவில் உரிமையைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும். மான்ஸ்ஃபீல்டு பிரபு காட்டிய இரண்டாம் முனை இங்கே எழுத்துச் சட்டமாகியிருக்கிறது.

விடை பொய்யாயின் அதன் விளைவு, பொய்யின் தன்மையைப் பொறுத்தது. தெரிந்தே கூறியது, அல்லது மெய்யோ பொய்யோ என்று சிறிதும் கருதாமல் கூறியது எனின், நிறுவனம் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கிக் கோரிக்கை முழுவதையும் மறுக்கலாம். கவனக்குறைவால் நேர்ந்தது எனின், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதே அளவுகோல். காப்புறுதியே தந்திராது எனில் கோரிக்கையை மறுத்து, பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும். கூடுதல் கட்டணம் கேட்டிருக்கும் எனில், அந்த விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம்.

சிங்கப்பூரில் பழைய நெறியே இன்னும் வலுவாக இருக்கிறது. காப்புறுதி விண்ணப்பத் தாளில், தெரிந்தனவும் தெரிந்திருக்கவேண்டியனவும் ஆகிய செய்திகளை முழுமையாகக் கூறாவிடின் பத்திரத்தால் ஏதும் கிடைக்காமற் போகலாம் என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். கேட்கவில்லையே என்னும் விடை அங்கு எளிதில் எடுபடாது.

பத்திரம் நடைமுறையில் இருக்கும்போது இடையில் செய்யும் மாற்றம் வேறொரு செய்தி. அதனைப் பத்திரத்தில் அச்சிட்டுள்ள நிபந்தனைகள் ஆளும். ஆகவே மாற்றத்தைச் செய்வதற்கு முன்னரே எழுத்து மூலம் அறிவித்து, இணைப்புப் பத்திரம் பெறுதல் நன்று. மலேசியப் பத்திரங்களில் கூடுதல் கருவிகளுக்கெனத் தனி இணைப்பு உண்டு. எரிவாயுக் கலத்துக்கும் கண்ணாடிக்கும் வேறு இணைப்புகள் உண்டு. 2017 ஜூலை முதல் அந்நாட்டில் விரிவான காப்புறுதியின் கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே கணிக்கிறது. எனவே ஒரு நிறுவனம் மறுக்கும் மாற்றத்தை மற்றொன்று ஏற்கவும் கூடும்.

கணக்குகள் சில

எடுத்துக்காட்டாக ஒரு காரைக் கொள்வோம். அதன் உரிமையாளர் ஆண்டுக்கு 900 வெள்ளி கட்டணம் செலுத்தினார். எஞ்சினில் செய்த மாற்றத்தைக் கூறியிருந்தால் 1,200 வெள்ளி ஆகியிருக்கும். கவனக்குறைவால் கூறவில்லை. மோதலில் 12,000 வெள்ளி பழுது. அவர் செலுத்தியது செலுத்தவேண்டியதில் நான்கில் மூன்று பங்கு. ஆகவே கிடைப்பதும் நான்கில் மூன்று பங்காகிய 9,000 வெள்ளி. 300 வெள்ளிச் செய்தியைச் சொல்லாததால் 3,000 வெள்ளி கைவிட்டுப் போயிற்று.

சக்கரத்தின் கணக்கு வேறு. அவர் பூட்டிய நான்கு சக்கரங்களின் விலை 4,000 வெள்ளி. ஆலைச் சக்கரங்களின் விலை 1,200 வெள்ளி எனக் கொள்க. தனி இணைப்பு இல்லாவிடின், ஆலைச் சக்கரத்தின் விலையளவே எதிர்பார்க்கத்தக்கது. காப்புறுதி என்பது இழந்ததை நிரப்புவது, எவரையும் செல்வராக்குவது அன்று என்பது 1883ஆம் ஆண்டுக் காஸ்டலைன் வழக்கிலேயே தெளிவாக்கப்பட்ட கொள்கை. எதைக் காப்பதாக நிறுவனம் விலை பேசியதோ அதனையே அது நிரப்பும்.

சேர்த்த பொருள்களின் விலையைக் காரின் விலையோடு கூட்டிக் கொள்வதும் பிழையான கணக்கே. 40,000 வெள்ளிக் காரில் 15,000 வெள்ளி செலவிட்டால், சந்தையில் அது 55,000 வெள்ளிக் காராகிவிடாது. கார் முற்றும் அழிந்தால் தரப்படுவது சந்தை விலை, அல்லது முன்னரே இருதரப்பும் ஒப்புக்கொண்ட விலை. மாற்றம் மிகுதியாக உள்ள காருக்கு இரண்டாவது முறையே ஏற்றது. நிறுவனம் அதற்கு இசைய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மறுபுறம், கட்டணத்தை மிச்சப்படுத்தக் காரின் விலையைக் குறைத்துக் காட்டுவதும் தீது. காப்புறுதித் தொகை சந்தை விலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் குறைவாயின், குறைந்த பங்கை உரிமையாளரே ஏற்கவேண்டும் என மலேசியப் பத்திரம் கூறுகிறது. 40,000 வெள்ளிக் காரை 32,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்தவர், ஒவ்வொரு நூறு வெள்ளிப் பழுதிலும் இருபது வெள்ளியைத் தாமே தாங்குவார்.

மோதல் நேர்ந்த பின்

உயிர்க்காப்பே முதற்கடமை. அடிபட்டவருக்கு உதவி செய்த பின், வண்டிகளை நகர்த்துவதற்கு முன், சாலையையும் வண்டிகளின் நிலையையும் பல கோணங்களில் படம் எடுத்தல் வேண்டும். எதிர்வண்டியின் எண், ஓட்டியவர் பெயர், கண்டவர் விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மலேசியச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் 2008 ஜூன் முதல் உள்ள ஏற்பாட்டின்படி, பழுது கண்ணுக்குத் தெரியாவிடினும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தம் நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். மலேசியப் பத்திரங்களில் இதற்கு ஏழு நாள் தவணை வழக்கம். மருத்துவமனையில் படுத்தவருக்கு அது நீளும்.

அழையாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் காரை ஒப்படைப்பதும், அவர் நீட்டும் தாளில் கையெழுத்திடுவதும் கூடாது. நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, அது ஏற்றுக்கொண்ட பட்டறைக்கே காரை அனுப்பவேண்டும். நிறுவனம் இசைவு தருமுன் பழுதுபார்க்கத் தொடங்கினால், அச்செலவு உரிமையாளர் தலையில் விழக்கூடும்.

பழுது சிறிதாயின், கோரிக்கை விடுப்பது பயன் தருமா என்று முதலில் கணக்கிட வேண்டும். மலேசியாவில் கோரிக்கையின்றி ஐந்து ஆண்டு கழித்தவருக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு 55 தள்ளுபடி உண்டு. முழுக் கட்டணம் 1,500 வெள்ளி எனில் அவர் செலுத்துவது 675 வெள்ளியே. தம் பத்திரத்தின்மீது கோரிக்கை விடுத்தால் தள்ளுபடி போய், அடுத்த ஆண்டு 825 வெள்ளி கூடுதலாகும். 55ஐ மீண்டும் எட்ட ஐந்து ஆண்டு செல்லும். 700 வெள்ளிப் பழுதுக்கு இக்கோரிக்கை வீண். எனினும் போலீசுக்கும் நிறுவனத்துக்கும் அறிவிக்கும் கடமை, கோரிக்கை விடாவிடினும் நீங்குவதில்லை.

மதிப்பீட்டாளர் முன்னே

இழப்பு மதிப்பீட்டாளர் காரைப் பார்வையிடும் வேளையே மாற்றியமைத்த காருக்குச் சோதனைக் காலம். இவரைப் பட்டறைகளில் அட்ஜஸ்டர் என்பர். இவ்வேளையில் தவறான யோசனை கூறுவோர் பலர். டர்போவைக் கழற்றிவிடு, பழைய சக்கரத்தைப் பூட்டிவிடு, ஒன்றும் தெரியாது என்பர். இதைவிடக் கேடான செயல் வேறில்லை. கவனக்குறைவாக இருந்த ஒன்று அக்கணமே ஏமாற்றாக மாறிவிடுகிறது. ஏமாற்றுக் கோரிக்கைக்கு விகிதக் கணக்கு இல்லை, முழுவதும் போகும். மதிப்பீட்டாளரின் கண்ணும் எளிதில் ஏமாறுவதன்று. புதிதாகத் திருகிய ஆணி, பொருந்தாத துருத்தடம், எஞ்சின் கணினியில் பதிந்துள்ள குறிப்பு ஆகியன கழற்றிய பொருளைக் காட்டிக்கொடுக்கும்.

செய்யத்தக்கது இதற்கு நேர்மாறானது. காரை விழுந்த நிலையிலேயே காட்டவேண்டும். உடைந்த பொருளையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். மாற்றங்களின் பட்டியல் ஒன்றை எழுதி, பொருளின் பெயர், பூட்டிய நாள், விலை, பட்டறை ரசீது, இலாகாவின் அனுமதி, நிறுவனம் தந்த இணைப்பு ஆகியவற்றை வரிசையாக இணைக்க வேண்டும். விபத்துக்கு முன் எடுத்த படங்கள் இருப்பின் அவை பெருந்துணை. முன்னர் அறிவிக்காத மாற்றம் இருப்பின் அதனையும் பட்டியலில் எழுதுவதே நன்று. குறைந்த தொகை கிடைத்தாலும் கோரிக்கை உயிரோடு இருக்கும்.

கார் முற்றும் அழிந்ததாகத் தீர்மானமானால், அதன் எஞ்சிய உடல் பொதுவாக நிறுவனத்தைச் சேரும். காப்புறுதியில் சேராத தம் கருவிகளைத் திரும்பப் பெற விரும்புவோர், தொகையை ஏற்றுக் கையெழுத்திடுமுன் அதனை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். கையெழுத்துக்குப் பின் கேட்பதற்கு இடமில்லை.

குற்றம் பிறர்மீது இருந்தால்

நின்றிருந்த காரில் மற்றொருவர் மோதினால் நிலை வேறு. அவர்மீது விடுக்கும் கோரிக்கை ஒப்பந்தத்தைச் சார்ந்தது அன்று. அவர் செய்த தவற்றைச் சார்ந்தது. தம் நிறுவனத்துக்குச் சொன்னாரா என்னும் வினா அங்கு எழாது. பொருளின் மதிப்பையும் செலவின் நியாயத்தையும் மெய்ப்பிப்பதே வேலை. அங்கும் ரசீதே வாயாகும்.

மாற்றியமைத்த கார் பிறரைக் காயப்படுத்தினாலோ, சட்டம் மிகுந்த கருணையும் கண்டிப்பும் காட்டுகிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, காரின் நிலை, குதிரைச் சக்தி, பூட்டிய கருவி ஆகியவற்றைப் பற்றிய பத்திரக் கட்டுப்பாடுகளைக் காட்டி, அடிபட்ட மூன்றாம் ஆளுக்குரிய காப்பை நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. வழியே போன ஏழை, முன்பின் அறியாத ஒருவர் எஞ்சினில் செய்த வேலைக்காக இழப்பீட்டை இழக்கலாகாது என்பதே இதன் உட்கருத்து. ஆனால் கொடுத்த பணத்தைக் காரின் உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெற நிறுவனம் முயலலாம். உயிரும் உறுப்பும் இழந்தோர்க்குத் தரும் தொகை காரின் விலையைப் பன்மடங்கு கடக்கும். மறைத்த மாற்றத்தின் மெய்யான ஆபத்து இதுவே. சக்கரத்தின் விலை இதன் முன் மிகச் சிறிது.

மறுப்புக் கடிதம் வந்தால்

மறுப்பு வந்ததும் மனம் தளரவும் வேண்டா, சினந்து பேசவும் வேண்டா. எந்த நிபந்தனைப்படி மறுக்கப்பட்டது, எந்த வினாவுக்கு எந்த விடை தவறு என்று நிறுவனம் கருதுகிறது என எழுத்தில் கேட்க வேண்டும். விண்ணப்பத்தின் படியைப் பெற்றுப் பார்க்க வேண்டும். மாற்றத்தைப் பற்றிய வினாவே அதில் இல்லாதிருக்கலாம். முகவரே உரிமையாளருக்காகத் தாளை நிரப்பியிருக்கலாம். இவை வலுவான வாதங்கள். நிறுவனத்தின் புகார்ப் பிரிவு தரும் இறுதி விடையும் நிறைவளிக்காவிடின், மலேசியாவில் நிதிச் சந்தை நடுவர் சேவையை ஆறு மாதத்துக்குள் நாடலாம். அது 2025 ஜனவரியில் தொடங்கியது. பொதுமக்களிடம் கட்டணம் பெறுவதில்லை. சிங்கப்பூரில் 2005இல் அமைந்த நிதித்துறைத் தகராறு தீர்வு மையம் உண்டு. இவற்றுக்கு அப்பால் நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது.

பென்கூலன் கோட்டையின் மதில் எவ்வளவு வலுவானது என்பது வழக்கின் முடிவை ஆக்கவில்லை. யார் எதை அறிந்திருந்தார், யார் எதைக் கேட்டார் என்பதே ஆக்கியது. மாற்றியமைத்த காரின் கோரிக்கையும் அவ்வாறே. அதன் வெற்றி மோதிய நாளில் தொடங்குவதில்லை. புதிய சக்கரத்தைப் பூட்டிய நாளில், ஒரு சிறு கடிதத்தை எழுதி அதன் படியைப் பத்திரத்தோடு சேர்த்து வைப்பதில் தொடங்குகிறது.